நடந்து இளைத்தவள்

அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பிரேக்கக்கா என்று பெயர். சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் காரில் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர் எதை மிதிப்பது என்று தெரியாமல் விழிக்கும்போது அவள் கால் அதில் அழுந்தியிருக்கும். வண்டி நின்ற பிறகுதான் ஆபத்து வந்து போனதே அவர்களுக்குப் புரியும். பயந்துகொண்டு சேர வருகிற பெண்களிடம், "உங்களைப் பிரேக்கக்கா வண்டியில போடறேன், கண்ணை மூடிக்கிட்டு வாங்க" என்பார் முதலாளி. கண்ணை மூடிக்கொண்டு எப்படிக் கார் ஓட்டுவது என்று யாரும் கேட்டதில்லை.

முதுகுக்குப் பின்னால் வேறு பேச்சும் உண்டு. "அந்தப் பக்கம் வண்டி சாயுதே, டயர்ல காத்து இல்லையா?" என்று பின் சீட்டில் கிசுகிசுப்பார்கள். "காத்து எல்லாம் என்கிட்ட இருக்கு, நீங்க ரோட்டைப் பாருங்க" என்று அவளே சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவாள். சீட்டைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளிப் பெல்ட்டை இழுத்து மாட்டுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கும். முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் மற்றவர் சிரிப்பது அவ்வளவாக உறைக்காது என்பது அவள் சின்ன வயதிலிருந்தே கைக்கொண்ட வழி.

ஒரு மதியம் அந்தச் சிரிப்பு நின்றது. வங்கியில் வேலை பார்க்கும் பெண்ணொருத்தி ஓட்டிக்கொண்டிருந்தாள். நேரான சாலை. பிரேக்கக்கா தூங்கிவிட்டாள். இரவில் அவளுக்குத் தூக்கத்திலேயே மூச்சு நின்று நின்று வரும். அதனால் பகலில் கண் தானாகச் செருகிக்கொள்ளும். கண் விழித்தபோது கார் நடைபாதை மேல் ஏறிக் குப்பைத்தொட்டியில் முட்டி நின்றிருந்தது. அந்தப் பெண் திரும்பி, "சாரிக்கா, நான்தான் ஸ்டியரிங்கை விட்டுட்டேன்" என்றாள். பக்கத்தில் இருந்தவள் தூங்கிப்போனது அவளுக்குத் தெரியவே இல்லை. தன் தப்புக்கு இன்னொருத்தி மன்னிப்புக் கேட்டது பிரேக்கக்காவை உலுக்கிவிட்டது. அந்த வாரமே மருத்துவமனைக்குப் போனாள்.

அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் பேசினாள். இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிடுவார்கள். சாப்பாடு குறையும், எடை குறையும், மூச்சுத் தொல்லையும் சர்க்கரையும் கட்டுக்குள் வரும். "வெளியில யாருக்குச் சொல்றது, யாருக்கு வேண்டாம்ங்கறது உங்க இஷ்டம். ஆனா ஒருத்தருக்காவது சொல்லிடுங்க. கூட இருக்க ஆள் வேணும்."

கணவனிடம் சொன்னாள். அவன் வெகுதூரம் போகும் லாரி ஓட்டுபவன். மாதத்தில் பாதி நாள் சாலையில்தான். முதலில் பயந்தான், பிறகு சரி என்றான். "விஷயம் நம்மளைத் தாண்டிப் போகாது" என்றான். கடைசி வரை அவன் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகவில்லை.

அம்மாவிடம் சொல்லத் துணிவில்லை. எதிர்வீட்டுக்காரி இதே சிகிச்சை செய்துகொண்டபோது, "வாயைக் கட்டத் தெரியாதவ வயித்தை வெட்டிக்கிட்டா" என்று அம்மா சொன்னதும், அதைக் கேட்டு அந்தத் தெருவே சிரித்ததும் அவளுக்கு மறக்கவில்லை.

ஸ்கூட்டர் டீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதே பள்ளியில் பெண்களுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுப்பவள், இவளைப் போலவே கனத்த உடம்புக்காரி. மதியச் சாப்பாட்டை இருவரும் நிழலில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "நாம ரெண்டு பேரும் இறங்கினாத்தான் இந்த வண்டிக்கு விமோசனம்" என்று ஸ்கூட்டர் டீச்சர் சொல்வாள். ஒல்லியானவர்களைக் கிண்டல் செய்ய அவர்களுக்கென்று தனிப் பாஷையே இருந்தது. அவளிடம் போய், நான் மட்டும் இந்தக் கூட்டணியை விட்டுப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? போதாததற்கு அவள் ஒருநாள், "ஆப்பரேஷனுக்குப் போறவங்க எல்லாம் சோம்பேறிங்க. எனக்கு மனசு வந்தா நானா இளைச்சுக் காட்டுவேன்" என்று வேறு சொல்லியிருந்தாள்.

மிச்சமிருந்தது தங்கை. அழகு நிலையம் நடத்துபவள், சிக்கென்று இருப்பாள். கேட்டதும் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "செத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன்க்கா. நான் கூட இருக்கேன், நீ தைரியமாப் படு" என்றாள். சொன்னபடியே கடையைப் பூட்டிவிட்டு வந்து மருத்துவமனையில் கூடவே இருந்தாள். வாந்தி எடுத்தபோது கிண்ணம் பிடித்தாள், முடியைப் பின்னிவிட்டாள். அதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

ஊருக்கெல்லாம் ஹெர்னியா ஆப்பரேஷன் என்று சொல்லியாயிற்று. அம்மா தினமும் ஃபிளாஸ்க்கில் சூப் வைத்து அனுப்பினாள், நன்றாக வடிகட்டி, ஒரு துணுக்குக் காய்கூட இல்லாமல். நல்லவேளை, அம்மாவுக்கு இது தானாகவே தோன்றியதே என்று பிரேக்கக்கா நிம்மதிப்பட்டாள்.

எடை இறங்க ஆரம்பித்ததும் பேச்சு வந்தது. குண்டாக இருந்தபோது ஒரு பேச்சு என்றால் இளைக்கும்போது ஒன்பது பேச்சு. "சுகர் முத்திப்போச்சா?" "முகம் ஏன் இப்படி வத்திப்போச்சு?" "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" கற்றுக்கொள்ள வந்த ஒருவர், "வாக்கிங் போறீங்களாக்கா?" என்று கேட்டார். வலையில் விழுந்த மீனுக்கு ஓட்டை தெரிந்தது போல, "ஆமா, வாக்கிங்தான்" என்றாள். முழுப் பொய்யும் இல்லை. டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருந்தாள், அவளும் மாலையில் பயிற்சி மைதானத்தைச் சுற்றி நடந்தாள். ஆனால் கேட்கிறவர்கள் அதோடு விடவில்லை. எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு, சர்க்கரையை விட்டாயா, சோற்றைக் குறைத்தாயா என்று துளைத்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் வளர்ந்தது. சொல்லிச் சொல்லி அவளுக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

ஸ்கூட்டர் டீச்சர் முழுதாக நம்பினாள்.

"பிரேக்கு, நீ செய்யறது எனக்கு முடியாதா என்ன?" என்று விடியும் முன்பே எழுந்து நடக்கத் தொடங்கினாள். பெரிய டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு, பிரேக்கக்காவின் சின்ன டப்பாவைப் போலவே ஒன்று வாங்கி வந்தாள். பிரேக்கக்காவின் வயிறு நான்கு வாயிலேயே நிறைந்துவிடும். ஸ்கூட்டர் டீச்சருக்கு நான்கு வாய் பசியைக் கிளப்பிவிடுவதற்குத்தான் உதவியது. ஆனாலும் மூடியை மூடிவிடுவாள். முதலில் கொஞ்சம் இளைத்தாள். பிறகு எடை இருந்த இடத்தில் நின்றுகொண்டது. "என் உடம்பு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சோ. உனக்கு இருக்கற கட்டுப்பாடு எனக்கு இல்ல, அதான்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒருநாள் வெயிலில், கற்றுக்கொள்பவளின் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே மைதானத்தில் சரிந்தாள். முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. பிரேக்கக்கா ஓடிப்போய்த் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். உண்மை வாய் வரை வந்தது. சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். "வெயில்தான். வெயில் ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா வீட்டு அண்ணன் உறவுக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர்கள் புது வீட்டுக்கு மாறியிருந்தார்கள். தங்கைக்குக் கடையில் கூட்டம், வரவில்லை. அம்மாவும் வரவில்லை. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சித்தி ஆரம்பித்தாள்.

"எப்படிடீ இப்படி இளைச்சே? எங்களுக்கும் சொல்லேன்."

பிரேக்கக்கா சொன்னாள். மைதானத்தைச் சுற்றுவது, சர்க்கரையை விட்டது, இருட்டினால் வாயில் எதுவும் வைக்காதது, எல்லாம். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். "நடை மாதிரி ஒரு மருந்து இல்லை" என்று சித்தப்பா தலையாட்டினார். சித்தி மகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். இருமல் போலிருக்கிறது என்று பிரேக்கக்கா நினைத்தாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணி அவளுக்கு மட்டும் குழந்தைகளுக்கு வைக்கும் சின்னத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி.

"போதுமில்ல? உனக்கு இவ்வளவுதான் இறங்கும்னு பார்த்துத்தான் வெச்சேன்."

"உங்களுக்கு யாரு அண்ணி சொன்னா?"

அண்ணி நல்லவள். நல்லவர்களுக்குப் பொய் சட்டென்று கைகொடுக்காது. "அந்த ஃபோட்டோவைப் பார்த்ததுலேர்ந்து எனக்கு மனசே கேக்கலைம்மா" என்று ஆரம்பித்து, "மூக்குல ட்யூபும், வாயைப் பொளந்துக்கிட்டு நீ கிடந்த கிடையும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"எந்த ஃபோட்டோ?"

சித்தப்பாவுக்குத் திடீரென்று தண்ணீர் தேவைப்பட்டது. பிரேக்கக்கா கையைக்கூடக் கழுவாமல், "காட்டுங்க அண்ணி" என்றாள். அண்ணி வேண்டாம் வேண்டாம் என்றாள். அவள் அசையவில்லை.

மருத்துவமனைக் கட்டில். அங்கி ஒரு தோளிலிருந்து சரிந்து கிடந்தது. கழுத்தும் மோவாயும் ஒன்றாகி, வாய் திறந்து, வாயோரம் எச்சில். அவள் தன்னைத் தூக்கத்தில் பார்த்ததில்லை. அவளே பார்த்திராத அந்த உடம்பை இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் பார்த்திருந்தார்கள். பார்த்துவிட்டுத்தான் நடைக் கதையைக் கேட்டார்கள். சித்தி மகளுக்கு இருமல் இல்லை.

"தலைவலிக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. பஸ்ஸில் ஏறி நேராகத் தங்கையின் கடைக்குப் போனாள்.

தங்கை ஒரு வாடிக்கையாளரின் புருவத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். நூலின் ஒரு முனை அவள் பல்லிடுக்கில் இருந்தது. "வாக்கா! உக்காரு, ஒரு புருவம் பாதியில நிக்குது" என்றாள் பல்லைத் திறக்காமல்.

"நான் மயக்கத்துல கிடந்தப்போ ஃபோட்டோ எடுத்தியா?"

நூல் தளர்ந்தது. "யாரு சொன்னா?"

"எடுத்தியான்னு கேட்டா, யாரு சொன்னான்னு கேக்கறே."

தங்கையின் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு அழுகை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். "பயமா இருந்துச்சுக்கா. மாமா எங்கியோ லாரியில இருந்தாரு. நான் ஒண்டியா உன்னைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது? யாருக்காவது சொல்லணும் போல இருந்துச்சு. அண்ணிக்கு அனுப்பினேன்."

"அண்ணிக்கு மட்டுமா?"

"சித்திக்கும். அம்மாவுக்குச் சொன்னேன், காட்டல."

"இங்க வர்றவங்களுக்கு?"

தங்கை பதில் சொல்வதற்குள், நாற்காலியில் சாய்ந்திருந்த வாடிக்கையாளர் ஒரு புருவத்தோடு எழுந்து உட்கார்ந்தார். அவர் கண் முதலில் போனது பிரேக்கக்காவின் வயிற்றுக்கு. "நல்ல விஷயந்தானே மேடம்? உங்க கதையைக் கேட்டுத்தான் எங்க நாத்தனாரே டாக்டரைப் பார்க்கப் போயிருக்காங்க. உங்க தங்கச்சி உங்களை எப்படியெல்லாம் பார்த்துக்கிட்டாங்கன்னு கேட்டப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"பார்த்தியா?" என்றாள் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எல்லாரும் உன்னை மெச்சத்தான் செய்யறாங்க. உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"மெச்சறவங்க எதுக்கு என் எதிர்ல உக்காந்து வாக்கிங் கதையைக் கேட்டுத் தலையாட்டறாங்க?"

"அது..." தங்கை நூலை விரலில் சுற்றினாள். "நீ மறைக்கணும்னு ஆசைப்பட்டே. பாவம், அவ ஆசைக்கு அவ சொல்லிக்கட்டும், யாரும் காட்டிக்காதீங்கன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லிவெச்சேன். உனக்காகத்தான்க்கா."

விஷயத்தை வெளியே விட்டதைக்கூடப் பிரேக்கக்கா பொறுத்திருப்பாள். சின்னப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொள்ள, பெரியவர்கள் எல்லோரும் தேடுவது போல நடிப்பார்களே, அப்படி அவளை வைத்து விளையாடியிருக்கிறார்கள். ஆளாளுக்கு ஒரு வேஷம் பிரித்துக் கொடுத்தவள் கூடப் பிறந்தவள்.

"உன்னைக் கிண்ணம் பிடிக்கக் கூப்பிட்டேன்" என்றாள். "அதுக்கு இவ்வளவு கூலியா எடுத்துக்கிட்டே?"

தங்கை விசும்பினாள். வாடிக்கையாளர் தன் அரைகுறைப் புருவத்தைக் கண்ணாடியில் பார்த்தார். பிரேக்கக்கா கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

அம்மா வீட்டுக்குப் போனபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே விஷயம் வெடித்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்கு எப்போம்மா தெரியும்?"

"அன்னிக்கே உன் தங்கச்சி சொல்லிட்டா. சொல்லலைன்னாலும், ஹெர்னியாவுக்கு எவளாவது வாரக்கணக்குல வடிகட்டின சூப்பையே குடிப்பாளா? எதிர்வீட்டுக்காரிகிட்ட போய் நின்னு, என்ன குடுக்கணும், எப்படிக் குடுக்கணும்னு கேட்டுட்டு வந்தேன். எந்த மூஞ்சியோட கேட்டேன்னு எனக்குத்தான் தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?" அம்மாவின் கை மடிப்பதை நிறுத்தவில்லை. "தங்கச்சிகிட்ட சொல்லத் தெரிஞ்சுது. பெத்தவ வேத்தாளாப் போயிட்டேன்."

"எதிர்வீட்டுக்காரங்களைப் பத்தி நீ பேசின பேச்சுதாம்மா. எனக்கும் அதையே சொல்லியிருப்பே."

அம்மா மடித்த துணியை அடுக்கில் வைத்தாள். "சொல்லியிருப்பேன்" என்றாள். "சொல்லிட்டு, சூப்பும் வெச்சிருப்பேன்."

பிரேக்கக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த வீட்டில் அவளை ஏமாற்றியவளும் அவளால் ஏமாந்தவளும் ஒருத்தியாகவே இருந்தாள். யார் யாரிடம் கோபித்துக்கொள்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. அம்மா ஒரு புடவையின் முனையை அவளிடம் நீட்டினாள். இருவருமாக உதறி மடித்தார்கள்.

ஸ்கூட்டர் டீச்சரிடம் மறுநாளே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு பள்ளிக்குப் போனாள். மதியம் நிழலில் காரை நிறுத்திக் காத்திருந்தாள். அவள் வரவில்லை. அலுவலக அறையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே பழைய பெரிய டப்பா.

"ஸ்கூட்டரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வேணாம். சொல்லிட்டாங்க." அவள் நிமிரவில்லை. "என்கிட்ட வண்டி கத்துக்கற பொண்ணு உன் தங்கச்சி கடைக்குப் போவா போலிருக்கு. காலையில வந்து, 'பிரேக்கக்கா மாதிரி நீங்களும் ஆப்பரேஷன் பண்ணிக்கலாமே டீச்சர்'ங்கறா. என்ன ஆப்பரேஷன்னு கேட்டேன். 'உங்களுக்குத் தெரியாதா?'ன்னு கேட்டா பாரு, அப்போ அவ பார்த்த பார்வை..."

"நான் சொல்லணும்னுதான்..."

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து நடந்தேன், பிரேக்கு. நாய் துரத்துச்சு, அப்பவும் நடந்தேன். உன் டப்பா அளவுக்குச் சாப்பிட்டேன். மயங்கி விழுந்தேன், நீதான் தூக்கிவிட்டே. வெயில்னு சொன்னே." இப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. "எனக்குக் கட்டுப்பாடு இல்லன்னு நானே என்னைத் திட்டிக்கிட்டேன். நீ கேட்டுக்கிட்டுத்தானே உக்காந்திருந்தே?"

என் உடம்பு, என் இஷ்டம் என்று பிரேக்கக்கா சொல்லலாம், அது உண்மையும்கூட. டாக்டரம்மாவே சொன்னதுதான். ஆனால் சொல்லாமல் இருப்பது ஒன்று, நடந்தேன் என்று சொல்வது வேறு. எதிரே இருந்த உரிந்த முழங்கையைப் பார்த்தாள். "மன்னிச்சுடு" என்றாள். ஸ்கூட்டர் டீச்சர் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அதன் பிறகு யார் கேட்டாலும் பிரேக்கக்கா மறைக்கவில்லை. "வயித்துல ஆப்பரேஷன்" என்றாள். சிலர் பாவம் என்றார்கள், சிலர் செலவு எவ்வளவு என்று கேட்டார்கள், ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ஒருவர், "ஓ, அப்படியா? நீங்க உழைச்சு இளைச்சீங்கன்னு நினைச்சேன்" என்றார். மருந்து, வாந்தி, கொத்துக் கொத்தாகக் கொட்டிய முடி எல்லாம் உழைப்பில் சேராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "கியரை மாத்துங்க" என்றாள்.

தங்கை ஃபோன் செய்தாள், வீட்டுக்கு வந்தாள், அழுதாள். ஃபோட்டோவை அழித்துவிட்டேன் என்று காட்டினாள். அவள் ஃபோனில் மட்டும் அழிந்தது. பிரேக்கக்கா பேச்சை நிறுத்தவில்லை. நலம் விசாரித்தாள், அம்மா பற்றிப் பேசினாள். ஆனால் இரவில் வயிறு பிடித்துக்கொண்டு வலித்த ஒருநாள், தங்கையின் எண் வரை போன விரல் நின்று, எங்கோ லாரியில் இருந்த கணவனைக் கூப்பிட்டது. இனி அவளிடம் சொல்ல எதுவும் இல்லை என்பது அந்த இரவில்தான் உறுதியாயிற்று. அந்த வலியைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

மழைக்காலம் வந்த பிறகு ஒரு மதியம், கார்க் கதவு திறந்தது. ஸ்கூட்டர் டீச்சர் ஏறி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். மைதானம் முழுக்கச் சேறு, அவளுக்கு வகுப்பு இல்லை. கண்ணாடி மேல் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வலிச்சுதா?"

பிரேக்கக்கா சொன்னாள். எதையும் விடவில்லை. முதல் வாரம் தண்ணீர்கூட இறங்காதது, சாப்பிடும்போது தண்ணீர் குடிக்க முடியாதது, ஆயுசுக்கும் விழுங்க வேண்டிய மாத்திரைகள், தொங்கிப்போன தோல், இரவில் நிம்மதியாகத் தூங்கி விழித்த முதல் காலை எப்படி இருந்தது என்பது, எல்லாம். ஸ்கூட்டர் டீச்சர் குறுக்கே ஒரு கேள்வி, இரண்டு கேள்வி கேட்டாள். டாக்டரம்மாவின் பெயரைக் கேட்டாள். சொன்னாள்.

"யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள் ஸ்கூட்டர் டீச்சர். "பண்ணிக்கிட்டாலும் பண்ணிக்குவேன், பண்ணாமலும் இருப்பேன்." கதவைத் திறந்துகொண்டு, ஒரு காலை வெளியே வைத்தவள் திரும்பினாள். "ஆனா பண்ணிக்கிட்டா, உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று பிரேக்கக்காவுக்குத் தோன்றியது.

"சரி" என்றாள்.

ஸ்கூட்டர் டீச்சர் துப்பட்டாவைத் தலைமேல் போட்டுக்கொண்டு மழையில் அலுவலகத்தை நோக்கி ஓடினாள். அடுத்த வகுப்புக்கு வந்த பெண் குடையை மடக்கிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்று, "மழையில ஓட்டலாமாக்கா?" என்று கேட்டாள். "ஓட்டித்தான் பழகணும்" என்று பிரேக்கக்கா பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.